உப்பு வைக்கும் நாள்

செலஸ்தீன் தங்கைக்குக் கல்யாணம்.
வாட்சர் வேலையில் மூன்று நாள் விடுப்பு என்பது
ரேஞ்சர் மனசு வைத்தால்தான்.
பூம்பாறையில் பஸ் ஏறும்போது
இரண்டு கிலோ மலைப்பூண்டு, ஒரு கம்பளி.
கம்பளியைப் பார்த்துச் சிரித்தது காரைக்கால்.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்
நம் தமிழில்தான் வழி சொன்னார்.
தெருப் பலகையில் மட்டும்
வாயில் நுழையாத ஒரு துரை.
"அவன் போயிட்டான், பென்ஷன் மட்டும்
மாசாமாசம் வருது" என்றான் செலஸ்தீன்.
மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல்,
மாதா கோயில் மணி,
மணிச்சத்தம் எட்டும் தூரத்தில் நாலு ஒயின் கடை.
பந்தியில் அவன் பெரியப்பா
ரொட்டியை மீன்குழம்பில் தோய்த்தபடி
"உங்க மலையிலயும் எங்க பிரெஞ்சுப் பாதிரியார்
கோயில் கட்டினாரே, தெரியுமா?" என்றார்.
தெரியும்.
அந்தச் சரிவில்தான் காட்டுமாடு இறங்கும் என்றேன்.
அவர் கோயிலைக் கேட்டார்,
நான் மாட்டைச் சொன்னேன்.
இருவரும் அடுத்த துண்டு மீனுக்குப் போனோம்.

இரண்டாம் ராத்திரி
கிளிஞ்சல்மேடு தாண்டி நடந்தோம்.
இராவணன் மீசை கெண்டைக்காலைக் கீறியது.
கால் வைக்குமுன்னே
குழிக்குள் ஓடிய நண்டுகள்.
பழக்கதோஷம், கை டார்ச்சுக்குப் போனது.
காட்டில் வெளிச்சம்தான் என் உயிர், என் சம்பளம்.
"அணைங்க அண்ணே!"
இருட்டிலிருந்து ஒரு குரல்.
கல்லூரிப் பிள்ளை, பேர் ஜெசிந்தா,
இடுப்பில் கூடை, கையில் நோட்டு.
"வெளிச்சம் பட்டா முட்டையிடாமத் திரும்பிரும்."

அணைத்தேன்.
கண் பழக நேரமாயிற்று.
பிறகு, பாறை என்று நினைத்தது மூச்சு விட்டது.
பங்குனி ஆமை.
பின்துடுப்பால் ஒரு கை மணல் அள்ளி, வைத்து,
மறு துடுப்பால் ஒரு கை அள்ளி, வைத்து,
உருளைக்கிழங்கு தோண்டுகிற எங்கள் ஆட்களுக்கு
அந்தப் பொறுமை கிடையாது.
முன்துடுப்பில் பாதி இல்லை.
"விசைப்படகு" என்றாள் ஜெசிந்தா,
அதற்கு மேல் சொல்லவில்லை.
எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுத்தாள்.
நூற்றுப் பதினெட்டு.
கண்ணில் நீர் வழிந்தது.
அழுகையில்லையாம், உடம்பிலிருக்கும் உப்பை
வெளியே தள்ளுகிறதாம்.
நான் நம்பினேன்.
கேம்பில் வீரணனிடம் சொன்னபோது
அவன் நம்பவில்லை.

விடிந்ததும் அதே கரையில் இன்னொன்று,
செத்து, மல்லாந்து, பக்கத்தில் காக்கை.
அதையும் நோட்டில் எழுதினாள்,
வேறு பக்கத்தில்.

மலைக்கு வருகிறவர்கள்
பள்ளத்தாக்கில் மேகம் நின்றால்
கடல் மாதிரி என்று போட்டோ எடுப்பார்கள்.
நானும் தலையாட்டியிருக்கிறேன்,
கடலைப் பார்க்குமுன்.
இல்லை.
மேகம் எதையும் கரையில் கொண்டுவந்து போடாது.

திரும்பிய மறுநாள் உறைபனி.
கேம்பைச் சுற்றிப் புல்லெல்லாம் வெள்ளை.
யாரும் பார்க்காதபோது
விரலில் தொட்டு நக்கினேன்.
உப்பில்லை. பல் கூசியது.

செவ்வாய்க்கிழமை உப்பு வைக்கும் நாள்.
கோணியில் வேதாரண்யம் என்று அச்சு.
பாறைக் குழியில் கொட்டிவிட்டு
இருட்டுமுன் இறங்கிவிடுவது வழக்கம்.
அன்று உட்கார்ந்துவிட்டேன்.
வீரணன் டார்ச்சைத் தட்டினான்.
"அணை."
"மாடு மேல ஏறிரும்டா."
"அணை."
திட்டிக்கொண்டே அணைத்தான்.

முதலில் குளிர்.
பிறகு சருகு.
பிறகு எங்கள் மூச்சு இல்லாத ஒரு மூச்சு,
பெரியது, ஈரமானது,
பத்தடி இருக்கலாம், ஐந்தடியும் இருக்கலாம்.
வீரணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்,
இருபது வருடக் காட்டுக்காரன்.
கரகரவென்று
நாக்கு உப்பில் தேயும் சத்தம்.
மலைமேல், இருட்டில்,
கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்
தின்றுகொண்டிருந்தார்கள்.

காலையில் பதிவேடு.
எண்ணிக்கை என்ற கட்டத்தில் பேனாவை வைத்து
என்னைப் பார்த்தான்.
இருட்டு என்று எழுது என்றேன்.
ஏழு என்று எழுதினான்.